ஆடி அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை

இந்த ஆடியில் ஊருக்கு வரவிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும், மருமக்களுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும், அவர்களோடு கூடி வருகிற சிநேகிதர்களுக்கும்,

அரியாலையிலிருந்து பெரியம்மா எழுதுவது.

உங்கள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது நீளமாக இருக்கிறது. அதில் ஒரு பகுதி எங்கள் வீட்டோடு முடிகிற விஷயமும் அல்ல. ரொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ யாழ்ப்பாணம் வந்து, உறவெல்லாம் சேர்ந்து ஒருநேரம் சாப்பிட வேண்டும் என்று நினைக்கிற எந்தக் குடும்பமும் இதை வாசிக்கட்டும். அதனால்தான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நீங்கள் ஒன்றுகூடலுக்கு மண்டபம் பார்க்கிறீர்கள் என்று அறிந்தேன். குளிரூட்டிய மண்டபம், ஆளுக்கொரு தட்டு, ஏழு வகைக் கடலுணவு என்று விலைப்பட்டியலும் வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. வேண்டாம் பிள்ளைகள். எங்கள் வளவில் ஒடியற்கூழ் காய்ச்சுவோம்.

போன தடவை நீங்கள் எடுத்த மண்டபத்தில் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. இறாலைப் பொரித்து அடுக்கி வைத்திருந்தார்கள். நண்டை உடைக்க இடுக்கி கூடத் தந்தார்கள். நான் ஒரு மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கனடாப் பிள்ளைகள் ஒரு மேசை, பிரான்சுப் பிள்ளைகள் ஒரு மேசை, சுவிஸ் பிள்ளைகள் இன்னொரு மேசை. மூன்று மேசையிலும் மூன்று பாஷை. ஒரே பூட்டியின் பிள்ளைகள், ஒரே மூக்கு, ஒரே சுருட்டைத் தலைமுடி. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டுத் தங்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் பிழை இல்லை. செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாத இடத்தில் பேச்சுத்தான் எல்லாம். பேச்சுக்கு அவர்களிடம் பொதுவான பாஷை இருக்கவில்லை. கூழ் காய்ச்சுகிற வளவில் அப்படி ஒருவரும் சும்மா இருக்க முடியாது. இறால் கோது உரிக்கப் பாஷை தேவையில்லை. ஒருத்தி உரிக்கிறதைப் பார்த்து மற்றவள் உரிப்பாள்.

முதலில் நாள். அதை நான் குறித்துவிட்டேன். ஆடி அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை. ஏன் அந்த நாள் என்று கேட்பீர்கள். நல்லூரில் ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறும். ஆவணி அமாவாசையில் தீர்த்தம். அந்த 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. சட்டி பானை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். கொடி இறங்கும்வரை காத்திருந்தால் உங்களில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். அமாவாசை அன்று அப்பா இல்லாதவர்களுக்கு விரதம். வெள்ளிக்கிழமை இங்கே யாரும் மீன் வாங்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பாசையூர் மீனவர் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகிற நாள். அன்று புது மீனுக்கு நிற்கக்கூடாது. ஆக வார இறுதியில் மிஞ்சுவது சனிக்கிழமை. அதிலும் ஒரு நன்மை இருக்கிறது. அமாவாசையை ஒட்டின இருட்டுக் காலத்து நண்டில் சதை நிறைந்திருக்கும், நிலவுக்கால நண்டு வெறும் கோது என்று எங்கள் கரையில் சொல்வார்கள். அறுபது வருடமாக நண்டு உடைத்த கை எனக்கு. அந்தச் சொல்லை நான் நம்புகிறேன். பலாப்பழக் காலமும் அதுதான். பலாக்கொட்டை வேண்டிய மட்டும் கிடைக்கும்.

ஒடியல் என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிவாருங்கள். பனம்பழக் காலம் முடிய, கொட்டைகளைப் பொறுக்கிப் பாத்தி கட்டிப் புதைப்பார்கள். மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு இறங்கிவிடும். தை மாசியில் கிண்டுவார்கள். கிண்டுகிற அன்றுதான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்: கொட்டையை வெட்டினால் உள்ளே பூரான் இருக்கும், பஞ்சு மாதிரி, இனிப்பு. கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் தோலை உரித்து, இரண்டாகக் கிழித்து, வெயிலில் போட்டால் ஒடியல். நன்றாகக் காய்ந்ததை முறித்தால் சடக்கென்று சத்தம் வரும். அதை இடித்து அரித்தால் ஒடியல் மா.

அந்த மா கசக்கும். அதை முதல்நாள் இரவே நிறையத் தண்ணீரில் கரைத்து வைக்க வேண்டும். மா அடியில் தங்கும். மேலே மஞ்சளாய்த் தெளிகிற தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இரண்டு மூன்று தடவை. இதில் மட்டும் அவசரப்படக்கூடாது. கசப்போடு வயிற்றுக்கு ஒவ்வாததும் அந்தத் தண்ணீரோடு போய்விடும் என்று எங்கள் அப்பாச்சி சொல்லுவா. போன வருடம் இங்கே ஒரு ஹோட்டலில் கிண்ணத்தில் தந்த கூழில் அந்தக் கசப்பு நாக்கடியில் கிடந்தது. கெட்டிக்கு வேறு ஏதோ மாவும் சேர்த்திருந்தார்கள். குடித்துவிட்டு வந்து இரண்டு நாள் எனக்கு மனம் ஆறவில்லை. கூழ் அறியாத ஒரு பிள்ளை அதைக் குடித்தால், கூழ் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுமே.

கூழைக் கிண்ணத்துக்கு அளந்து காய்ச்ச வராது. நான்கு பேருக்குக் காய்ச்சிப் பார்த்திருக்கிறேன். மீன் ஒருவகை, நண்டு ஒன்று, இறால் ஒரு கைப்பிடி. எல்லாம் போட்டுத்தான் காய்ச்சினேன். குழம்பு மாதிரி ஏதோ வந்தது. கூழின் ருசி கலப்பில் இருக்கிறது. பத்து வகை ஒரே பானையில் கிடந்து ஒன்றின் சாறு மற்றதில் ஊற வேண்டும். பத்து வகை போட்டால் பானை பெரிதாகும். பானை பெரிதானால் ஆள் வேண்டும், குடிக்கவும் வேலை செய்யவும். அறுபது பேருக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். மூன்று கிலோ ஒடியல் மா. மாவைக் கரைத்து வைப்பது என் பொறுப்பு, மற்ற வேலையில் பெரும்பகுதி உங்களுடையது.

சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு ஒரு எட்டுப் பேர் என்னோடு பாசையூருக்கு வர வேண்டும். முந்தின நாள் பின்னேரம் விட்ட வலையை விடிய எடுத்துக்கொண்டு தோணிகள் கரைக்கு வரும். வலையில் சிக்கின நண்டைக் கால் முறியாமல் கழற்றுகிற கையின் வேகத்தைப் பாருங்கள். உங்கள் வயதுப் பெடியன்களும் அதில் இருப்பார்கள். குவித்து வைத்து ஏலம் கூறுவார்கள். நீங்கள் வாய் திறப்பதற்குள் விலை முடிந்துவிடும், ஆகவே பின்னால் நின்று பாருங்கள். எங்களுக்கு மீன் தருகிற அக்கா எடுத்து வைத்திருப்பா. முப்பது வருடமாக அவவின் கையால்தான் இந்த வீட்டில் மீன். நல்ல நண்டெல்லாம் விடியவே எடைபோட்டு ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது. பெரிய நீலக்கால் நண்டை நீங்கள் வெளியூரில் அதிக விலை கொடுத்துச் சாப்பிட்டிருப்பீர்கள், இங்கே எங்களுக்கு நடுத்தரம்தான் மிஞ்சும். கூழுக்கு அது போதும். வயிற்றடியில் மூடி அகன்றது பெட்டை, ஒடுங்கி நீண்டது ஆண். மூடிக்குள் முட்டைத் திரளோடு ஒரு நண்டை யாராவது காட்டினால் வாங்காதீர்கள். அது கடலில் இருக்க வேண்டியது.

மீனில் ஒரே வகை வேண்டாம். ஓரா, ஒட்டி, மணலை, ஒரு துண்டு திருக்கை, கலவாய் கிடைத்தால் அதன் தலை. தலை இல்லாமல் கூழ் இல்லை. கணவாய் இரண்டு கிலோ. இறால் சின்னதாக இருந்தால் நல்லது. பெரிய இறால் பார்வைக்குத்தான். போர்க்காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ், போய்வர நேரக்கட்டுப்பாடு என்று இருந்தபோது, கரையோரத்தில் கிடைத்த சின்ன மீனும் கூனி இறாலும் போட்டுத்தான் காய்ச்சினோம். அந்தக் கூழும் ருசிதான்.

வீட்டுக்கு வந்ததும் வேலை பிரிப்போம். சின்னவர்கள் பயற்றங்காய் முறிப்பார்கள், பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை உரிப்பார்கள். மரவள்ளிக்கிழங்கு நான் வெட்டித் தருகிறேன், நடு நார் எடுக்க வேண்டும். மருமகன்மார் விறகு பார்க்கட்டும். பனை மட்டை, தென்னம் பாளை எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறேன். பன்னாடை வைத்துப் பற்றவைத்தால் ஒரு நெருப்புக்குச்சி போதும். செத்தல் மிளகாயை மஞ்சளோடு அம்மியில்தான் அரைக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் காரம் மட்டும் வரும், மணம் வராது. அம்மி பிடிக்க இரண்டு பேர் முறை வைத்து வாருங்கள். அரைத்த கையைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள்.

கிடாரத்தில் தண்ணீர் கொதிக்க, பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு சுண்டு அரிசி, பயற்றங்காய். அவை அரை அவியலில் நண்டும் மீன் தலையும். பிறகு மீன். இறாலும் கணவாயும் கடைசியில். கணவாயை முந்திப் போட்டால் இறப்பர் மாதிரி ஆகிவிடும். எல்லாம் வெந்த பிறகு அரைத்த மிளகாய்க் கூட்டு, பழப்புளிக் கரைசல், உப்பு. அதன் பிறகுதான் ஊறின மாவைக் கரைத்து ஊற்றுவது. மா விழுந்த நேரத்திலிருந்து அகப்பையை நிற்பாட்டக் கூடாது. அடிப்பிடித்தால் அறுபது பேரின் உழைப்பும் போய்விடும். கடைசியாக ஒரு பிடி முருங்கையிலை. அகப்பையைத் தூக்கினால் அதன் முதுகில் கூழ் மெல்லியதாய்ப் படிந்து நிற்க வேண்டும். அதுதான் பதம்.

நண்டும் இறாலும் ஒவ்வாத இரண்டு பேத்திமார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மருமகள் ஒருத்தி சைவம். அவர்களுக்கு வேறு அடுப்பில், வேறு பானையில், வேறு அகப்பையோடு சைவக் கூழ். பக்கத்திலேயே இருக்கும். ஒருவரும் வெறும் வாயோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

குடிப்பது பிளாவில். குருத்தோலையை மடித்துக் கோலுகிற விதத்தை அன்று காட்டித் தருவேன். முதல் இரண்டு பிளா ஒழுகும். பரவாயில்லை. முற்றத்து மாமரத்தடியில் வட்டமாகப் பாய் விரித்து, பிளாவை இரண்டு கையாலும் ஏந்தி, ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். நடுவே ஒரு தேங்காய்ச் சொட்டைக் கடித்தால் காரம் கொஞ்சம் அடங்கும். மூக்கால் தண்ணீர் ஓடும், நெற்றி வியர்க்கும். நண்டுக் காலைப் பல்லால் உடைக்கலாம். இடுக்கி தேவையில்லை.

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பிளாவுக்கு ஓலை வெட்டித் தந்தவர் யார் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. உங்கள் அம்மா அப்பாமாருக்குத் தெரியும். எங்கள் வளவின் பனைகளை ஏறினவர் ஒருவர் இருந்தார். பாத்தி போட்டவர் அவர். கிழங்கு கிண்டினவர் அவர். ஒடியல் கிழித்துக் காயப்போட்டது அவருடைய மனைவி. விறகு அவர் கொத்தினது. கூழ் காய்ச்சுகிற அன்று விடியவே வந்து அடுப்புக்குக் குழி வெட்டிக் கல் வைத்துவிட்டுப் போவார். என் அப்பாவைவிட அவருக்கு வயது கூட. சிறுவர்களான நாங்கள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம், வா என்றும் போ என்றும். அவர் எங்களை நயினார் என்றும் நாச்சியார் என்றும் கூப்பிட்டார்.

கூழ் இறக்கினதும் நாங்கள் மாமரத்தடியில் வட்டமாக இருப்போம். அவரும் மனைவியும் மகளும் கிணற்றடிக்கு அங்கால், வேலியோரம் குந்தியிருப்பார்கள். அப்பாச்சி செம்பில் கூழைக் கொண்டுபோய், பிளாவில் படாமல் உயர்த்தி ஊற்றுவா. அன்று எல்லார் கையிலும் பிளாதான். நாங்கள் வருடத்தில் ஒருநாள் ஆசைக்குப் பிளாவில் குடித்தோம். அவர்களுக்கு எங்கள் வீட்டில் எந்த நாளும் பிளாவும் சிரட்டையும்தான், பேணி கிடையாது.

யாழ்ப்பாணத்தில் இது யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. 1920களிலேயே யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ்காரர் சமபந்தி போசனம் என்று ஒரே வரிசையில் இருந்து உண்டு காட்டினார்கள். 1957இல் இப்படி ஒதுக்கிவைப்பதற்கு எதிராகச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் உள்ளே விடும்படி கேட்டு நின்றவர்கள் அடிபட்டார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. வீட்டில் பெரியவர்கள் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அந்த வருடமும் கூழ் காய்ச்சினோம். அந்த மகளும் நானும் ஒரே வயது, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். அவள் வேலியோரம் இருந்து என்னைப் பார்த்தாள். நான் என் பிளாவைப் பார்த்தேன்.

1995 ஒக்ரோபர் 30. இரவு மழை. போருக்கு அஞ்சி வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. உங்களில் சிலர் அன்று தோளில் கிடந்தீர்கள். ஒருத்தி இன்னும் பிறக்கவில்லை. எங்கள் ஒழுங்கைக்காரர் எல்லாரும் ஒன்றாகத்தான் போனோம். மீசாலையில் ஒரு வளவில் எட்டுக் குடும்பம் தங்கினோம். நாங்கள் காணி உறுதியும் நகையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் எடுத்துப் போயிருந்தோம். பனை ஏறினவருடைய மனைவி ஒரு துணிப்பையில் ஒடியல் மா எடுத்து வந்திருந்தா.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கையில் இருந்த அரிசி முடிந்துவிட்டது. கச்சாய்ப் பக்கமிருந்து ஒருவர் கொஞ்சம் சின்ன இறாலும் நண்டும் கொண்டுவந்தார். அந்த வளவில் மரவள்ளி நின்றது. அந்த அம்மா மாவை ஊறப்போட்டுக் கூழ் காய்ச்சினா. எட்டுக் குடும்பத்துக்கும் ஒரே பானை. மீசாலை மாமரத்தின் கீழ் எல்லாரும் ஒரே வட்டத்தில் இருந்தோம். அப்பாச்சிக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. நடுங்குகிற கையால் சிரட்டையை நீட்டினா. அந்த அம்மா ஊற்றினா. அப்பாச்சி குடித்துவிட்டு, மறுபடி நீட்டினா. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ கூழ் குடித்திருக்கிறேன். அன்று குடித்ததுதான் நாக்கில் இன்னும் நிற்கிறது. மிளகாய் போதாது, புளியும் இல்லை.

அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தோம். ஓடு உடைந்த வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது அந்த அம்மா எங்களைப் பார்க்க வந்தா. கிணற்றடிக்கு அங்கால்தான் நின்றா. அப்பாச்சி தேத்தண்ணி கொடுக்கச் சொன்னா. குசினிப் பத்தியில் புறம்பாகக் கவிழ்த்து வைத்த பழைய தகரப் பேணி ஒன்று இருந்தது, குண்டு விழுந்த வீட்டிலும் அது தப்பியிருந்தது. அதில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. படித்தவள், சில மாதத்துக்கு முன் அவவின் கையால் உண்டவள். அந்த அம்மா பேணியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, குடித்தா, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனா.

அப்பாச்சி சொன்னா, நான் செய்தேன் என்று சொல்லி இவ்வளவு வருடமும் கழித்துவிட்டேன். அது பொய். நல்ல பேணியில் ஊற்றியிருந்தால் அப்பாச்சி இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பா. அவ்வளவுதான் நடந்திருக்கும்.

பனை ஏறினவரும் மனைவியும் இப்போது இல்லை. மகள் ஆசிரியையாக இருந்து இளைப்பாறிவிட்டா. இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. வைகாசியில் நான் போனேன். ஆடியில் பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள், கூழ் காய்ச்சப் போகிறோம், நீங்கள் குடும்பத்தோடு வந்து எங்களோடு இருந்து குடிக்க வேண்டும் என்று சொன்னேன். பேணியைப் பற்றியும் சொன்னேன். அவ உடனே ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தா. நல்ல கண்ணாடிக் குவளை. நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா:

“வந்து குடிக்கிறது பெரிய விஷயமில்லை. இப்ப எல்லாரும் கூப்பிடீனம். அகப்பையை நான் பிடிக்கிறதெண்டால் வாறன். அம்மான்ரை கைப்பக்குவம் எனக்கு வரும். என்ரை கையால காய்ச்சினதை உங்கடை ஆக்கள் எல்லாரும் குடிப்பினமோ, அதைக் கேட்டுச் சொல்லுங்கோ.”

கேட்க ஒன்றும் இல்லை, அகப்பை உங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அவ கேட்டது நியாயமான கேள்வி. கூட இருந்து உண்பதற்கு இப்போது அனேகம் பேர் சம்மதிப்பார்கள். ஹோட்டலில் யார் சமைத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. வீட்டு முற்றத்தில், பெயரும் ஒழுங்கையும் தெரிந்த ஒருவர் கையால் காய்ச்சினதைக் குடிப்பதில்தான் சிலருக்குத் தொண்டை அடைக்கிறது. நான் பெரியவர்கள் சிலரிடம் சொன்னேன். இருவர் சந்தோஷப்பட்டார்கள். ஒருவர், அன்று தனக்கு வயிறு சரியில்லாமல் இருக்கும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். இன்னொருவர் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் வந்து எல்லாரையும் பார்த்துவிட்டுப் போகிறாராம்.

அவர்களுக்கும் இந்த மடலில் ஒரு வார்த்தை. வாருங்கள் என்று மறுபடியும் கூப்பிடுகிறேன். வந்தால் வட்டத்தில் இருக்க வேண்டும். கதிரை போட்டுத் தள்ளி இருக்க இடமில்லை. பின்னேரம் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி தருவேன். கூழ் எடுத்து வைக்கமாட்டேன்.

பிள்ளைகள், உங்களிடம் கேட்பது வேறு. நீங்கள் அந்த நாடுகளில் பிறந்து வளர்ந்தபடியால் இதெல்லாம் உங்களுக்கு இல்லை என்று சொல்வீர்கள். இருக்கக்கூடாது என்பதுதான் என் ஆசையும். ஆனால் கலியாணப் பேச்சு வந்தபோது எந்த ஊர், எந்தப் பகுதி என்று ரொறன்ரோவிலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை நான் எண்ணி வைத்திருக்கிறேன். ஆகவே அன்று அந்த ரீச்சரைப் பார்த்தால் “ஆன்ரி” என்று சொல்லிவிட்டுக் கடந்து போகாதீர்கள். பக்கத்தில் இருந்து பனையைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பனை ஆண், எந்தப் பனை பெண், எந்த மரத்துக் கிழங்கு நார் குறைந்தது என்று அவவுக்குத் தெரியும். அவவின் அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். அவ சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். மன்னிப்புக் கேட்டு அவவைச் சங்கடப்படுத்த வேண்டாம். அதைக் கேட்க வேண்டியவள் நான், கேட்டுவிட்டேன், அவ இன்னும் பதில் சொல்லவில்லை.

பாசையூர் அக்காவையும் அழைத்திருக்கிறேன். முப்பது வருடத்தில் எங்கள் வீட்டில் அவ நின்று பேசினதுதான் உண்டு, இருந்ததில்லை. விற்க வந்த இடத்தில் இருந்தால் மீன் பழுதாகிவிடும் என்பா. சனிக்கிழமை வியாபாரம் முடித்து, குளித்து, மகனோடும் மருமகளோடும் வருகிறாவாம். தான் தந்த மீனைத் தானே குடித்துப் பார்க்கப்போகிறேன் என்று சிரித்தா.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. மண்டபத்துக்கு முற்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். பிளாஸ்ரிக் தட்டு, கோப்பை ஒன்றும் கொண்டுவர வேண்டாம். கனடாவிலிருந்து வருகிறவர்கள் சொக்கிலேற்றுக்குப் பதிலாக நல்ல கத்தி இரண்டு கொண்டுவாருங்கள், மீன் வெட்ட. வெள்ளை உடுப்புப் போடாதீர்கள், கூழ்க்கறை போகாது. சின்னவர்களுக்குக் காரம் பழக்க இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குங்கள். அந்தப் பகல் முழுவதும் தொலைபேசியை விறாந்தையில் உள்ள பெட்டியில் போட்டுவிட வேண்டும். படம் எடுக்க ஒருவர் போதும்.

ஓலை வெட்ட இப்போது எங்கள் ஒழுங்கையில் ஆள் இல்லை. வட்டுக்கு ஏறுகிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். ரீச்சரின் மருமகன் பக்கத்து ஊரில் ஒருவரை ஒழுங்குசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குரிய கூலியை நீங்கள் கொடுக்க வேண்டும், பேரம் பேசாமல். கூலி வாங்கின கையோடு அவரையும் வட்டத்தில் இருத்த வேண்டும். அவர் பெயரை அன்று கேட்டு, வயதுக்கேற்ப அண்ணை என்றோ ஐயா என்றோ கூப்பிடுங்கள்.

எத்தனை பேர் என்று வியாழக்கிழமை பின்னேரத்துக்குள் சொல்லிவிடுங்கள். வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு மாவைக் கரைத்து வைப்பேன். ரீச்சர் அன்றிரவே வந்து முதல் தண்ணீரைத் தானே ஊற்றிப் பார்க்க வேண்டுமாம். தன் அம்மா அப்படித்தான் செய்வாவாம், மஞ்சள் போகும்வரை பக்கத்திலேயே இருப்பாவாம். அவவுக்கும் எனக்குமாக விறாந்தையில் இரண்டு பாய் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா